முப்பத்தைந்து பாகை

எனக்குச் சத்திரசிகிச்சை செய்த டொக்டரை, முதல் நான்கு மாதங்கள் அவருடைய சப்பாத்தை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும். மண்ணிறச் சப்பாத்து. இடது காலின் கயிறு மட்டும் கறுப்பு. கிளினிக் வாசலில் எத்தனையோ சப்பாத்துகள் போய் வரும். அந்தக் கறுப்புக் கயிறு தெரிந்தவுடன் நான் கதிரையிலிருந்து எழும்பிவிடுவேன். அவருடைய முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் கழுத்தும் முதுகும் ஒரே எலும்பாக ஒட்டி, உடம்பு இடுப்புக்கு மேலே முன்னால் மடிந்து, கண் தரையைப் பார்த்தபடி நின்றுபோய் அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

நான் மன்னாருக்குத் தெற்கே சிலாவத்துறைக் கரையில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவன். யுத்த நாட்களில் எங்கள் முசலிப் பக்கத்து முஸ்லிம் சனம் எல்லாம் ஊரை விட்டுப் போக நேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, அங்கேயே ஒரு பட்டறையில் தொழில் பழகி, யுத்தம் முடிந்த பிறகு ராத்தாவுடன் ஊருக்குத் திரும்பினேன். ராத்தா எனக்கு மூத்தவர், கூடப் பிறந்த ஒரே சகோதரி. கணவர் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார், பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. ஆகவே வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வருத்தம் தொடங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. விடியப்புறம் இடுப்பு உயிர் போகிற மாதிரி வலிக்கும். எழும்பி நடந்து, வேலையில் இறங்கினால் வலி குறையும். ஓய்ந்து படுத்தால் கூடும். உழைத்தால் நோவு, படுத்தால் சுகம் என்பதுதான் எல்லோருக்கும் உள்ள வழமை. எனக்கு அது தலைகீழாக இருந்தது. கொட்டிலின் ஈரத் தரையில் படுத்ததால் வந்தது என்று ராத்தா சொன்னார். எஞ்சினுக்கு மேல் குனிந்து குனிந்து வேலை செய்வதால் வந்தது என்று பட்டறைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். இரண்டாவது காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. எண்ணெய் பூசினேன், ஒத்தடம் பிடித்தேன், குளிசை போட்டேன். வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்தேன். பிறகு ஒரு காலத்தில் வலி தானாகவே நின்றது. சுகமாகிவிட்டது என்று நினைத்து ராத்தா நேர்ச்சைச் சோறு கூட ஆக்கிக் கொடுத்தார். முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி முடிந்ததால்தான் வலி நின்றது என்பதைப் பல வருடங்கள் கழித்துக் கொழும்பில் சொன்னார்கள்.

குனிந்த மனிதனுக்கு எஞ்சின் வேலை பொருத்தமானது. நான் வேலை செய்யும்போது பார்க்கிறவனுக்கு என்னில் ஒரு குறையும் தெரியாது. வேலை முடிந்து நான் நிமிராமல் அப்படியே நடந்து போகும்போதுதான் பேச்சு நிற்கும். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனால் ஸ்டூடியோக்காரர் தரையில் சம்மணம் போட்டிருந்துதான் என் முகத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு எல்லோரும் நேராக, நிலையில் நிற்கும்போது நான் மட்டும் ருகூஉவில், அதாவது இடுப்பை மடித்துக் குனிகிற அந்தக் கோலத்தில், நிற்பேன். வெட்கப்பட்டு வீட்டில் தொழத் தொடங்கியபோது இமாம் வீடு தேடி வந்தார்.

"நீங்க எந்தக் கோலத்தில நிண்டாலும் படைச்சவனுக்கு அது நிலைதான். பள்ளிக்கு வாங்கோ" என்றார்.

பின்வரிசையில் ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். அதிலிருந்து தொழுதேன்.

வீட்டில் ராத்தாவின் கைகளும் அந்த நாட்களில் பழுதாகத் தொடங்கியிருந்தன. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்குவார். போத்தல் மூடி அவருக்குத் திறக்காது. மேல் தட்டு எனக்கு எட்டாது. அலுமாரியின் மேல் தட்டிலிருந்து அவர் போத்தலை இறக்கித் தர, நான் மூடியைத் திறந்து கொடுப்பேன். இது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்ததால், அவருடைய கைக்கு வைத்தியம் தேட வேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. வீட்டில் நோயாளி என்றால் அது நான்தான்.

கண் சிவந்ததால்தான் எல்லாம் மாறியது. ஒரு நாள் வலது கண் இரத்தமாகச் சிவந்து, வெளிச்சம் பட்டால் ஊசி குத்துவது போல வலித்தது. எஞ்சினில் இருந்து ஏதோ தெறித்துவிட்டது என்று நினைத்து மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு இளம் டொக்டர். என்னைக் கட்டிலில் சரித்துப் படுக்க வைத்து, கண்ணுக்கு லைட் அடித்துப் பார்த்தார். பிறகு லைட்டை அணைத்தார்.

"ஐயா, முந்தியும் இப்பிடிக் கண் சிவந்ததோ?"

"ஓம், மூண்டு நாலு தரம்."

"முதுகு எப்ப இருந்து இப்பிடி?"

கண்ணுக்கு வந்தவனிடம் முதுகைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவர் என்னைச் சுவரோடு குதிக்காலை ஒட்டி நிற்கச் சொன்னார். என் பின்தலைக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நாடாவால் அளந்தார். ஒரு முழத்துக்கு மேல் இருந்தது.

"கண்ணும் முதுகும் ரெண்டு வருத்தமில்ல, ஐயா. ஒண்டுதான். உங்கட உடம்பைக் காக்க வேண்டிய படை, உங்கட உடம்பையே எதிரி எண்டு நினைச்சு அடிக்குது. எஞ்சினுக்குக் குனிஞ்சதால வந்ததில்ல இது."

 கண் சிவப்பதற்கும் இடுப்பு ஒட்டிப்போவதற்கும் ஒரே வேர். எத்தனை வருடம் என் தொழிலை நான் உள்ளுக்குள் திட்டியிருக்கிறேன். ஒரு குற்றமும் இல்லாத தொழில். அந்த டொக்டர்ப் பிள்ளை கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தது. அதுதான் என்னை அந்த மண்ணிறச் சப்பாத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பெரிய டொக்டர் சிங்களவர். புத்தளத்து வருடங்களில் எனக்குச் சிங்களம் நன்றாகப் பழகியிருந்தது, அதனால் எங்கள் பேச்சு சிங்களத்தில்தான் நடந்தது. அவர் முதலில் கேட்டது நோயைப் பற்றியல்ல.

"என்ன வேலை செய்யிறீங்க?"

"வள்ளத்து எஞ்சின் திருத்துறன்."

"இந்தக் கூனால உங்களுக்கு உண்மையா என்ன முடியாமக் கிடக்கு?"

ஒன்பது வருடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். "நான் திருத்தின எஞ்சினோட வள்ளம் போறதை நான் பார்த்ததில்ல, சேர். கரையில நிண்டு சத்தத்தை மட்டும் கேட்டிட்டு வாறன்."

அவர் கதிரையை விட்டு இறங்கி என் முன்னால் குந்தியிருக்க வேண்டும். அவருடைய கையும் ஒரு கடதாசியும் என் கண்ணுக்கு நேரே வந்தன. கடதாசியில் அடுக்கடுக்காகப் பெட்டிகள் கீறினார். அவை முதுகெலும்புகள். இடுப்புப் பக்கத்தில் ஒரு பெட்டியில், பின்பக்கம் அகலமாகவும் முன்பக்கம் கூராகவும் ஒரு ஆப்பு வரைந்து அதற்குள் கறுப்படித்தார்.

"இந்தத் துண்டை எடுத்துப் போடுவம். எடுத்த பிறகு அந்த இடைவெளியை மெல்ல மெல்ல மூடுவம். அது மூடேக்க உங்கட மேலுடம்பு முழுக்கப் பின்னுக்கு வரும்."

"எத்தனை பாகை வரும்?"

பேனை நின்றது. "முப்பத்தைஞ்சு எடுக்கலாம் எண்டு நினைக்கிறன்."

"நரம்பு எங்கால போகுது?"

அவர் ஆப்புக்கு நடுவால் ஒரு நீளக் கோடு கீறினார். "இதால. கால் ரெண்டுக்கும் போற நரம்பெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. அதைத் தொடாமச் சுத்தி இருக்கிற எலும்பை மட்டும் எடுக்க வேணும்."

இந்தக் கைகளால் நான் எத்தனையோ நுணுக்கமான சாமான்களைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். பிழைத்தால் இன்னொன்று வாங்கிப் பூட்டலாம் என்ற துணிவு எனக்கு எப்போதும் இருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது, இன்னொன்று இல்லாத இடத்தில் வேலை செய்கிற கை எப்படிப்பட்டது என்று நினைத்தேன். என் கண்ணுக்கு முன்னால் பேனையைப் பிடித்திருந்த அந்தக் கையை உற்றுப் பார்த்தேன். சாதாரணக் கை. நகம் குட்டையாக வெட்டியிருந்தது.

அவர் எதையும் மறைக்கவில்லை. கால்கள் இரண்டும் போகலாம் என்றார். மேசையிலேயே உயிர் போகலாம் என்றார். இந்த அளவுக்கு வளைந்த முதுகில் நான் அவருக்கு இரண்டாவது ஆள் என்றும் சொன்னார்.

"முதல் ஆள்?"

"நடக்கிறார். வேணுமெண்டா அவரோட கதைக்க ஒழுங்கு பண்ணலாம்."

எலும்பைப் பிடித்து வைக்கப் பூட்டுகிற ஆணியும் கம்பியும் என்ன உலோகம் என்று கேட்டேன். டைட்டேனியம் என்றார். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காதா என்றேன். அவர் சிரித்த சத்தம் கேட்டது. "உங்கட இரத்தமும் உப்புத் தண்ணிதான். அதுக்குத் தாங்குறது கடற்காற்றுக்கும் தாங்கும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது ராத்தா முழுதாக மறுத்தார்.

"நடந்து திரியுற மனுசன் நீ. உன்ட பாட்டில உழைக்கிறாய். நாளைக்குக் கால் ரெண்டும் விழுந்திட்டா, இந்தக் கையை வைச்சுக்கொண்டு நான் உன்னை எப்பிடித் தூக்கிறது?"

"தூக்க ஏலாதுதான்."

"அப்ப ஏன் போறாய்?"

"ராத்தா, நான் கடலைப் பார்த்து ஒம்பது வருசம். கடலுக்குப் பக்கத்திலதான் இருக்கிறன்."

அவர் அழவில்லை. எழும்பிப் போய்க் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு நீண்ட நேரம் தொழுதார். அடுத்த நாள் காலை, எங்கள் இருவருடைய உடுப்புகளையும் பையில் மடித்து வைத்தார். அந்த விரல்களால் சட்டையை மடிக்க அவருக்கு வெகுநேரம் எடுத்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உதவி செய்ய விடவில்லை.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் என் கட்டிலுக்கு வந்தார். பெண். அவரும் சிங்களம் பேசுகிறவர். என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், கழுத்தை அசைக்கச் சொன்னார், அது அசையவில்லை. பிறகு ஒரு கதிரையை இழுத்து இருந்துகொண்டார்.

"நாளைக்கு நடுவில உங்களை ஒருக்கா எழுப்புவன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"எலும்பை மூடின உடன, தைக்க முதல், மயக்கத்தைக் குறைச்சு எழுப்புவன். முதுகு திறந்துதான் கிடக்கும். உங்களுக்கு நோகாது, அதுக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கும். காலை ஆட்டச் சொல்லுவன். ஆட்டினா நரம்பு நல்லா இருக்கு எண்டு அர்த்தம். ஆட்டாட்டி, மூடினதை உடனேயே கொஞ்சம் திறந்து விடலாம். அதுக்குப் பிறகு திரும்பவும் நித்திரையாக்கிப் போடுவன்."

முதுகு திறந்திருக்க என்னை எழுப்பி என்னிடமே கேட்பார்கள். என் உடம்புக்குள் நடப்பதற்கு நானே சாட்சி. அப்போது எனக்கு வந்ததைப் பயம் என்று மட்டும் சொல்ல முடியாது.

"காலை ஆட்டுங்க எண்டதைத் தமிழில எப்பிடிச் சொல்றது?" என்று கேட்டார்.

"எனக்குச் சிங்களம் விளங்குமே, மிஸ்."

"தெரியும். ஆனா மயக்கத்தில இருந்து வரேக்க மனுசனுக்கு முதல்ல திரும்பி வாறது தாய்ப்பாஷை. நான் உங்களோட உங்கட அம்மாட பாஷையில கதைக்க வேணும்."

நான் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். ட வரவில்லை, த வந்தது. ராத்தா பக்கத்தில் நின்றிருந்தார். "இல்ல, மிஸ்ஸே, நாக்கை மேல மடிச்சு… ஆட்டுங்கோ" என்று அவரும் சொல்லிக் கொடுத்தார். அந்த டொக்டர் ஐந்தாறு தரம் சொல்லிப் பார்த்தார். எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை, மேசையில். என் கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியாததால், எல்லோருக்கும் செய்வது போல மயக்கிவிட்டுத் தொண்டைக்குள் குழாய் விட இயலாது. நான் விழித்திருக்கும்போதே, மூக்கு வழியாக, நுனியில் கமராக் கண் பூட்டிய ஒரு மெல்லிய குழாயை இறக்கினார்கள். கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்கெல்லாம் நடுவில் அந்த டொக்டரின் மணிக்கட்டை நான் கண்டேன். என் பார்வை எப்போதும் கைகளின் உயரத்தில்தான் இருக்கும். மணிக்கட்டில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, அதில் பேனையால் சிங்கள எழுத்தில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். காலை ஆட்டுங்கோ. அதன் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு ஒரு குரல்.

நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல முடியவில்லை. ஆழத்தில், வெளிச்சம் இல்லாத ஆனால் இருட்டும் இல்லாத ஒரு இடத்தில். உடம்பு என்று ஒன்று இருப்பது நினைவில் இல்லை. மேலே வெகு தூரத்தில் ஒரு பெண் குரல் என்னைக் கூப்பிட்டது. தமிழில். கொச்சைத் தமிழ். "காலெ ஆத்துங்கோ." அந்த த-வைக் கேட்டதும்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது: நான் யார், எங்கே கிடக்கிறேன், இவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள். கால் எங்கே என்று தேடினேன். எனக்கு வெகு தொலைவில், இன்னொரு ஆளின் கால்கள் போல, இரண்டு இருந்தன. ஆடுங்கோ என்று அவற்றுக்குச் சொன்னேன். இடது ஆடியது.

"வலதும்" என்றது குரல்.

வலதையும் ஆட்டினேன். மேலே ஏதோ சத்தம் எழுந்தது. பல பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட சத்தம் என்று இன்றும் நினைக்கிறேன். யாரோ சிங்களத்தில் "ஹொந்தாய்" என்றார்கள், நல்லது என்று. பிறகு திரும்பவும் ஆழம்.

இப்படி நடுவில் எழுப்பியது பலருக்கு ஞாபகம் இருக்காது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தைப் போல, என் வாழ்க்கையில் வேறு எதையும் நான் அவ்வளவு தெளிவாக நினைவில் வைத்திருக்கவில்லை.

கண் விழித்தபோது முகட்டைப் பார்த்தபடி கிடந்தேன். முதலில் உணர்ந்தது பின்தலையை. அது தலையணையில் பட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது வருடமாக நான் மல்லாந்து படுத்தால் தலை அந்தரத்தில் நிற்கும், கீழே மூன்று தலையணை அடுக்க வேண்டும். இப்போது ஒரு மெல்லிய தலையணை, அதில் தலை. மேலே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் இறக்கைகளின் ஓரத்தில் கறுப்பாகத் தூசு. இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை என்று அப்போது பட்டது. மயக்கம் முழுதாகத் தெளியாததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கண்ணாடி போட்ட ஒரு மனிதர் என் மேல் குனிந்தார். நடு வயது, மீசை இல்லை, களைத்த முகம். யாரோ புதியவர் என்று நினைத்தேன்.

"எப்படி இருக்கு, எஞ்சின் பாஸ்?" என்றார்.

குரல் தெரிந்தது. முகம் தெரியவில்லை. சப்பாத்தைப் பார்ப்போம் என்று கட்டிலோரம் திரும்ப முயன்றேன். தாதி தோளைப் பிடித்து அமர்த்தி, "அசையக்கூடாது" என்று அதட்டினார். நான் எதைத் தேடுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? டொக்டருடைய முகத்தை நான் அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன் என்று சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை பாகை வந்தது, சேர்?"

"முப்பத்தைஞ்சு."

அதன் பிறகு நான்கு நாட்கள் மோசமாகப் போயின. வயிறு ஊதி, குடித்த தண்ணீர் கூடத் தங்கவில்லை. இடது தொடை மரத்துக் கிடந்தது. அது பல மாதம் அப்படியே இருந்தது, இன்றும் ஒரு கை அகலத்துக்கு அங்கே உணர்ச்சி குறைவு. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆறாம் நாள், நெஞ்சையும் வயிற்றையும் சுற்றிக் கவசம் போல ஒன்றைப் பூட்டி, இரண்டு பேர் பிடித்து என்னை எழுப்பி நிற்க வைத்தார்கள்.

தரை எவ்வளவு ஆழத்தில் இருந்தது. கிணற்றுக் கட்டில் ஏறி நின்றது போலத் தலை சுற்றியது. கட்டில்கள், ஆட்கள், கதவு, கதவுக்கு அப்பால் நடைபாதை, அதன் முடிவில் ஒரு யன்னல், யன்னலில் ஒரு மரத்தின் உச்சி. உலகம் கீழே கிடப்பதில்லை, எதிரே நிற்கிறது. எனக்கு அது மறந்தே போயிருந்தது. ராத்தா எதிரில் நின்றார். அவருடைய முகத்தை நேருக்கு நேர், இரண்டு பேரும் நின்றபடி பார்க்கிறேன். முந்தானைக்கு வெளியே தெரிந்த முடி வெள்ளையாக இருந்தது. எப்போது நரைத்தது? நான் வீட்டிலேயே இருந்தேன், எனக்குத் தெரியாது.

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். "வாப்பாட உயரம் உனக்கு" என்றார், எங்கள் தகப்பனை நினைத்து. 

அன்று பின்னேரம்தான் ராத்தாவின் கதை தொடங்கியது. மூட்டு வருத்தங்களைப் பார்க்கிற ஒரு பெண் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பக்கத்துத் தமிழர், என் மருந்துகளைப் பற்றிப் பேச வாட்டுக்கு வந்தார். முதுகை நிமிர்த்தினாலும் உள்ளே இருக்கும் நோய்க்குத் தொடர்ந்து மருந்து வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். ராத்தா எனக்கு ஒரு தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். விரலால் முடியாது, மணிக்கட்டால் பழத்தைப் பிடித்துப் பல்லால் தோலைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்கட கையை ஒருக்காக் காட்டுங்கோ."

ராத்தா கையை முந்தானைக்குள் ஒளித்தார். டொக்டர் காத்திருந்தார். பிறகு ராத்தா நீட்டினார். டொக்டர் ஒவ்வொரு மூட்டாக, இரண்டு விரலால் மெல்ல அமத்தி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், பிறகு குனிந்து முழங்கால். ராத்தாவின் உடம்பை அவ்வளவு கவனமாக ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

"எத்தினை வருசமா?"

"ஆறேழு வருசம் இருக்கும்."

"ஏன் ஒருத்தரிட்டயும் காட்டேல்ல?"

"தம்பிக்குத்தானே வருத்தம்" என்றார் ராத்தா.

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் கண்ணைத் தாழ்த்தினேன். அதற்கு இப்போது எனக்கு வசதியும் இருந்தது. தாழ்த்துவதும் உயர்த்துவதும் என் விருப்பம்.

ராத்தாவுக்கு வந்திருந்தது வேறு வருத்தம். என்னுடையது எலும்பை ஒட்டுகிறது, அவருடையது மூட்டை அரிக்கிறது. ஆனால் இரண்டிலும் உடம்பு தன்னையே அடித்துக்கொள்கிறது என்றார் அந்த டொக்டர். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய சின்ன மஞ்சள் குளிசைகள் எழுதிக் கொடுத்தார். ராத்தா வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார், மறக்க மாட்டார் என்பதற்காக. கோணிய விரல்கள் நேராகாது என்பதையும் டொக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நேராகவும் இல்லை. ஆனால் மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்தது. ஒரு நாள் காலை ராத்தா கோப்பையை அதன் கைபிடியில் பிடித்துத் தூக்கிக் குடித்தார். என்னிடம் சொல்லவில்லை. நான் கண்டேன்.

ஊருக்கு வந்து பல வாரம் கவசத்தோடு கிடந்தேன். பட்டறைக்குத் திரும்பிய முதல் நாளே, தகரக் கூரையின் குறுக்கு மரத்தில் நெற்றி மோதி வீங்கியது. குனிந்தவனாக நான் கட்டிய பட்டறை, நிமிர்ந்தவனுக்குத் தாழ்ந்து பதிவாக இருந்தது. பள்ளியில் பின்வரிசைக் கதிரையை விட்டு எழும்பி, எல்லோரோடும் தோளொட்டி நிலையில் நின்றேன். நெற்றி தரையில் படுகிற சுஜூதுக்குக் குனிய எனக்கு முடியாது, இனியும் முடியாது. அதற்குக் கதிரையில்தான் இருக்கிறேன். ஆனால் நிற்கிறேன். அதே வாரம், ஒரு எஞ்சினைத் திருத்திப் பூட்டிக் கொடுத்துவிட்டுக் கரையில் நின்றேன். வள்ளம் மணலை விட்டுக் கழன்று, அலையில் மூக்கைத் தூக்கி, வெள்ளை நுரை கிழித்துக்கொண்டு போனது. அது ஒரு புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லாமல் போகும் வரை பார்த்தேன். கடல் இவ்வளவு தூரம் போகிறது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

அந்த மூட்டு டொக்டர் ராத்தாவிடம் இன்னொன்றும் கேட்டிருந்தார். இந்த வருத்தம் ஏன் வருகிறது, யாருக்கு எந்த மருந்து பிடிக்கும் என்று அவர் ஆராய்ச்சி செய்கிறார். அதற்கு ராத்தாவின் இரத்தம் கொஞ்சம் தர முடியுமா என்று.

"அதால எனக்குச் சுகம் வருமோ?" என்று ராத்தா கேட்டார்.

"இல்ல அக்கா. பொய் சொல்ல மாட்டன். உங்களுக்கு ஒண்டும் வராது. எப்பவோ, யாருக்கோ வரலாம். வராமலும் போகலாம். விருப்பமில்லாட்டி வேண்டாம் எண்டு சொல்லலாம், உங்கட மருந்து நிக்காது."

தமிழில் எழுதிய படிவத்தை டொக்டர் வரிவரியாக வாசித்தார். ராத்தா ஒரு கேள்வி கேட்டார்: இந்த இரத்தத்தை வேறு எதற்காவது பாவிப்பார்களா? இல்லை என்றார் டொக்டர், அதுவும் படிவத்தில் இருந்தது, காட்டினார். ராத்தா அந்த விரல்களால் பேனையைப் பிடித்துத் தன் பெயரை முழுதாக எழுதினார். கைநாட்டு வைக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் கொழும்புக்குப் போய் இரத்தம் கொடுக்கிறார். ஒரு தரம் நானும் கூடப் போனேன். அன்று அந்த டொக்டர், "அக்கா, உங்கட இரத்தம் எங்க இருக்கெண்டு பார்க்கிறீங்களோ?" என்று கேட்டார். ராத்தாவை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் வெளியே இருந்தேன். கால் மணித்தியாலம் இருக்கும். திரும்பி வந்தபோது ராத்தாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களின் முகத்தில் அதைக் கண்டிருக்கிறேன்.

பஸ்ஸில் ஏறிப் புத்தளம் தாண்டினோம். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார்.

"ஒரு பெரிய பெட்டி, தம்பி. அலுமாரி மாதிரி. கதவைத் திறக்க உள்ளுக்க இருந்து புகை வருது, குளிர்ப் புகை. தொடக்கூடாது, தோல் ஒட்டிப் பிடிச்சிடுமாம். உள்ளுக்கத் தட்டுத் தட்டா, விரல் நுனியளவு குழாய். எத்தனை எண்டு தெரியா. எல்லாம் எங்களை மாதிரி ஆக்கள். தமிழாக்கள், சிங்கள ஆக்கள், எங்கட ஆக்கள். பேர் இல்ல, நம்பர் மட்டும்தான். அதில ஒண்டைத் தூக்கிக் காட்டி, இதுதான் அக்கா நீங்க எண்டாங்க."

"பயமா இருந்ததா?"

"இல்ல." கொஞ்ச நேரம் யன்னலால் வெளியே பார்த்தார். "நான் மௌத்தான பிறகும் அது அங்க இருக்குமாம். படிக்கிற பிள்ளையள் எடுத்து எடுத்துப் பார்ப்பினமாம். நான் அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டினவள், தம்பி."

பஸ் கிறவல் றோட்டில் இறங்கிக் குலுங்கத் தொடங்கியது. என் முதுகுக்கு நோகும் என்று அவர் தன் பையை எனக்கும் சீட்டுக்கும் நடுவில் செருகினார். பிறகு தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து, அவற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.